சிறுநீரக நோயும் மருந்துச் செலவும்: யாழ்ப்பாணத்தில் இருந்து சமாளிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரக வருத்தம் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் செய்வது காசு தேடுவதுதான். கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு அழைப்பு, நகை அடைவு, ஊர்ச் சங்கத்துக்கு ஒரு கடிதம். அம்மாவின் மருந்தோடு அலைந்ததிலும், பிறகு அக்கம்பக்கத்தில் பலருக்குத் துணையாகக் கிளினிக் போய் வந்ததிலும் எனக்குப் பட்டது, இந்த ஒழுங்கு தலைகீழ் என்பது. மருந்துத் துண்டு எழுதப்படும் இடத்திலேயே செலவின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது, கடையில் போய் நின்று மிச்சம் பிடிக்கக்கூடியது கொஞ்சம்தான். எவ்வளவு தேவை என்று தெரியாமல் கடன் வாங்கினால் அந்தக் கடனும் சரியான அளவில் இருக்காது.

அதனால் கீழே உள்ளதை வரிசைப்படியே செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: இதில் எதையும் வைத்து நீங்களாக மருந்தை நிறுத்தவோ, குறைக்கவோ, மாற்றவோ கூடாது. டொக்டரிடம் என்ன கேட்பது என்பதற்குத்தான் இது.

1. புறப்படுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். அதற்குள் கிளினிக் கொப்பி, வார்டில் இருந்து விட்டபோது தந்த நோய் விவர அட்டை, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள்கள், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, மருந்து வாங்கிய பில்கள் எல்லாம் இருக்கட்டும்.

பரிசோதனைத் தாள்களில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் மட்டும் போதாது. பொட்டாசியம், பொஸ்பேற், கல்சியம், ஹீமோகுளோபின், ஃபெரிற்றின் (உடம்பில் உள்ள இரும்பின் இருப்பு) ஆகியவையும் வேண்டும். எந்த விலைகூடிய மருந்து உண்மையிலேயே தேவை என்பதை இந்த எண்களை வைத்துத்தான் டொக்டர் சொல்ல முடியும். தாள் இல்லாமல் போனால் திரும்பவும் எடுக்கச் சொல்வார்கள், தனியார் லாப் என்றால் அது தனிச் செலவு.

எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் எடுத்தும் வையுங்கள். மழைக்காலத்தில் சைக்கிளில் கொண்டுபோய் நனைந்த கொப்பிகளைக் கண்டிருக்கிறேன், மை கரைந்து ஒரு பக்கம் கூட வாசிக்க முடியாது.

2. எல்லா மருந்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்

சிறுநீரக நோயாளி ஒருவர் பெரும்பாலும் ஒரு கிளினிக்கோடு நிற்பதில்லை. சீனி வருத்தத்துக்கு ஒரு இடம், இதயத்துக்கு இன்னொன்று, இடையில் தனியாரில் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு துண்டு தருகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை.

ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: ஜெனரிக் பெயர், எத்தனை மி.கி., ஒரு நாளைக்கு எத்தனை, யார் எழுதியது, எங்கே கிடைக்கிறது, அதாவது ஆஸ்பத்திரியிலா வெளியிலா. வெளியில் வாங்குவதற்கு மாதம் எவ்வளவு முடிகிறது என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

ஜெனரிக் பெயர் என்பது அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பது. அதைப் பார்க்காமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. கிளினிக்கில் லொசாட்டன் என்ற பிரஷர் குளிசை தந்திருப்பார்கள், தனியார் டொக்டரும் அதையே வேறொரு கம்பனிப் பெயரில் எழுதியிருப்பார், வீட்டில் இருப்பவர் இரண்டு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் கொடுப்பார். காசு வீண் என்பதோடு போவதில்லை, பிரஷர் விழும், பொட்டாசியம் ஏறும். தாள் எழுதும்போது இப்படி ஒன்று அகப்பட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் டொக்டரிடமோ மருந்தாளரிடமோ உடனே கேளுங்கள்.

3. அரசாங்கக் கிளினிக்கில் பதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் அது இதுவாக இருக்கட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக்கும் இலவசம், அங்கே இருப்பில் உள்ள மருந்தும் இலவசம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் "பெரியாஸ்பத்திரியில கூட்டம், வரிசையில நிக்க ஏலாது" என்று தனியாரிலேயே வருடக்கணக்காக ஓடி, கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு இங்கே வருபவர்கள் நிறையப் பேர்.

யாழ் போதனா வைத்தியசாலையில் சிறுநீரகப் பிரிவும் டயலிசிஸ் வசதியும் இருக்கின்றன. நேரே போய்ப் பெயர் பதியப் பார்ப்பதைவிட ஒரு பரிந்துரைக் கடிதத்தோடு போவது நல்லது. வெளிநோயாளர் பிரிவில், அல்லது தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் காட்டினால் கடிதம் தருவார்கள். தனியாரில் பார்க்கும் விசேட வைத்தியரும் எழுதித் தரலாம். அவர்களில் பலர் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள்தான். "டொக்டர், மருந்து வாங்கக் கட்டுப்படியாகுதில்லை, உங்கட கிளினிக்குக்கு வரலாமோ?" என்று நேரே கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை, அவர்கள் இதைத் தினமும் கேட்கிறார்கள்.

பிரஷர் குளிசை, கொழுப்புக் குளிசை, கல்சியம் காபனேற், சோடியம் பைகாபனேற், ஃபியூரோசமைட், இன்சுலின் போன்றவை வழமையாகக் கிளினிக்கில் கிடைப்பவை. தனியாரில் மாதம் முழுவதும் வாங்குபவருக்கு இவையே பட்டியலில் பாதிக்கு மேல் வரும். இவற்றை ஆஸ்பத்திரிப் பக்கம் தள்ளிவிட்டால் உண்மையிலேயே விலைகூடிய இரண்டு மூன்று மட்டும் உங்கள் தலையில் மிஞ்சும். கணக்கு உடனே சிறிதாகத் தெரியும்.

கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். மருந்து அடுத்த கிளினிக் நாள் வரை கணக்காகத்தான் தருவார்கள், ஒரு தடவை தவறினால் இடைவெளிக்கு வெளியில் வாங்க வேண்டிவரும். திகதி போயா தினத்திலோ வேறு விடுமுறையிலோ விழுகிறதா என்று வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் பாருங்கள். நோயாளிக்கு நடக்க முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் கொப்பியோடு போய் எடுக்கலாமா என்று முன்கூட்டியே நேர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டு வையுங்கள்.

4. "வெளியில வாங்குங்கோ" என்று சொன்னால் உடனே வெளியே ஓடாதீர்கள்

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த வசனத்தைக் கேட்காத நோயாளி குறைவு. மருந்து வழங்கும் இடத்தில் துண்டில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தால், பெரும்பாலானோர் அப்படியே வீதியைக் கடந்து முதல் கண்ட பாமசியில் ஒரு மாதத்துக்கு வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இது இப்போதைக்கு முடிந்துவிட்டதா, அல்லது ஆஸ்பத்திரிக்கு வருவதே இல்லையா? இரண்டுக்கும் வழி வேறு.

இப்போதைக்கு முடிந்தது என்றால் எப்போது வரும் என்று விசாரித்து, அதுவரைக்கு மட்டும் வாங்குங்கள். ஒரு கிழமைக்கு வாங்கினால் போதும் என்ற இடத்தில் ஒரு மாதத்துக்கு வாங்குவது, அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இலவசமாக வந்திறங்கும் மருந்துக்குக் காசு கட்டுவது. உங்கள் ஊருக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையில் அதே மருந்து இருக்கக்கூடும், அங்கே எடுக்க ஒழுங்கு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

வருவதே இல்லை என்றால் திரும்ப டொக்டரிடம் போங்கள். வரிசை மறுபடியும் என்று அலுப்பாக இருக்கும், ஆனால் அந்த அரை மணித்தியாலம் மாதாமாதம் பயன் தரும். ஆஸ்பத்திரியில் இருக்கிற மருந்துகளில் இதற்குப் பதிலாக ஏதாவது பொருந்துமா என்று அவர் பார்ப்பார். பொருந்தாது என்றால், குறிப்பிட்ட நோயாளியின் பெயரிலேயே மருந்தைத் தருவிக்க விசேட வைத்தியர் ஆஸ்பத்திரி ஊடாகக் கோரிக்கை வைக்கும் நடைமுறை உண்டு, உள்ளூரில் ஆஸ்பத்திரியே கொள்வனவு செய்வதும் உண்டு. எல்லா மருந்துக்கும் நடக்காது, நடந்தாலும் காலம் எடுக்கும். கேட்காதவருக்கு நடக்கவே நடக்காது.

5. டொக்டர் முன்னால் இருக்கும் அந்த ஐந்து நிமிடம்

கிளினிக்கில் நேரம் குறைவு. "எல்லாம் விலை டொக்டர்" என்று பொதுவாகச் சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது. தாளைக் காட்டி, "இந்த ரெண்டும்தான் எங்களுக்குக் கஷ்டம்" என்று விரலை வைத்துச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி: இது கட்டாயமா, விலை குறைந்த வேறொன்று இருக்கிறதா, எவ்வளவு காலத்துக்கு?

எந்தெந்த மருந்தில் இப்படிக் கேட்டுப் பயன் வருகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய காசு போவது இங்கேதான்.

பொஸ்பேற்றைக் குறைக்கும் மருந்து. செவலமர் விலைகூடியது, கல்சியம் காபனேற் மலிவு. இரண்டும் சாப்பாட்டில் உள்ள பொஸ்பேற்றைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுபவை. இரத்தத்தில் கல்சியம் கூடியவர்களுக்கும், இரத்தக் குழாயில் கல்சியம் படிந்தவர்களுக்கும் செவலமர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்படி இல்லாதவருக்கு மலிவானது போதுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. இரண்டில் எதுவானாலும் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் எல்லாக் குளிசையோடும் சேர்த்து விழுங்கிவிட்டு "பொஸ்பேற் குறையேல்லை" என்பவர்கள் இருக்கிறார்கள், பிடிப்பதற்குச் சாப்பாடே இல்லாத வயிற்றில் அது வேலை செய்யாது. பிறகு டொக்டர் அளவைக் கூட்டுவார், செலவும் கூடும்.

இரத்தம் ஏற்றும் ஊசி என்று நாங்கள் சொல்லும் எரித்ரோபொயிற்றின். உடம்பில் இரும்பு போதாமல் இருந்தால் இந்த ஊசி சரியாக வேலை செய்யாது. ஆகவே ஃபெரிற்றின் எடுத்துப் பார்த்து, தேவையென்றால் முதலில் இரும்பை நிரப்பினார்களா என்று கேளுங்கள். இரும்பைக் கவனிக்காமல் ஊசியைக் கூட்டிக்கொண்டே போவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை. டயலிசிஸ் செய்பவர் என்றால் ஊசியை அந்தப் பிரிவிலேயே போட முடியுமா என்றும் விசாரியுங்கள்.

கீற்றோ அனலோக் குளிசைகள். ஒரு நாளைக்குப் பல குளிசை, மாத பில் பயங்கரம். இவை புரதத்தை நன்றாகக் குறைத்த சாப்பாட்டோடு சேர்த்து எடுப்பதற்கானவை. சாப்பாட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இதை மட்டும் விழுங்குவதில் அர்த்தம் இல்லை. நகை அடைவு வைத்தாவது தொடர வேண்டிய மருந்தா என்று டொக்டரிடம் வெளிப்படையாகவே கேட்டுவிடுங்கள். எழுதிய டொக்டரே "கட்டாயமில்லை" என்று சொல்லி நிறுத்தியதையும் பார்த்திருக்கிறேன்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீரகம் பழுதாகும் வேகத்தைக் குறைப்பவை, ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு நிறுத்திவிடுவது நல்ல சேமிப்பு இல்லை. இதில் கேட்க வேண்டியது, முதல் கம்பனியின் விலைகூடிய பெயர்தான் வேண்டுமா, வேறு கம்பனியின் ஜெனரிக் போதுமா என்பது. இரண்டு மருந்தை ஒன்றாகச் சேர்த்த கூட்டுக் குளிசைகளிலும் அப்படித்தான், அவற்றைப் பிரித்து எழுதினால் இரண்டும் கிளினிக்கிலேயே கிடைக்கக்கூடும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. உடம்பு புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றில் இரத்தத்தில் உள்ள அளவு கொஞ்சம் குறைந்தாலும் உடம்பு சிறுநீரகத்தை நிராகரிக்கலாம், கூடினால் அதே மருந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கம்பனியை மாற்றுவதென்றால் டொக்டர் சொல்லி, மாற்றியபின் இரத்த அளவு பார்த்துத்தான் மாற்ற வேண்டும். டக்ரோலிமஸில் ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுக்கும் வகையையும் இரண்டு தடவை எடுக்கும் வகையையும் ஒன்றுக்கொன்று மாற்றி எடுக்கவே கூடாது. "இதுவும் அதே சாமான்தான் அண்ணை, விலை குறைவு" என்று கடைக்காரர் நல்ல மனதோடு சொன்னாலும் வாங்காதீர்கள்.

6. கடையில்

மருந்துத் துண்டில் ஜெனரிக் பெயர் எழுதப்பட வேண்டும் என்பது 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தில் உள்ள விஷயம். எனவே கம்பனிப் பெயர் மட்டும் இருந்தால் ஜெனரிக் பெயரையும் எழுதித் தரச் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பெயர் இருந்தால்தான் கடையில் "இதில என்னென்ன கம்பனி இருக்கு, ஒவ்வொண்டும் என்ன விலை?" என்று கேட்க முடியும்.

முதலில் ராஜ்ய ஒசுசலவில் பாருங்கள். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நடத்தும் கடை, யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. அங்கே இல்லாததற்கு மட்டும் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் உள்ள பாமசிகளில் இரண்டு மூன்றுக்குத் தொலைபேசியில் விலை கேளுங்கள். அட்டை விலையை ஒப்பிடாதீர்கள், ஒரு கடையில் அட்டைக்குப் பத்து, இன்னொன்றில் பதினான்கு இருக்கும். ஒரு குளிசைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட அதிகூடிய சில்லறை விலைக்கு மேல் வாங்கினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் முறையிடலாம். அதற்கும் பில் வேண்டும், பின்னால் வரும் உதவி விண்ணப்பங்களுக்கும் பில் வேண்டும். நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், திகதி மூன்றும் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். வெறும் தொகை மட்டும் எழுதிய துண்டை எந்த அலுவலகமும் ஏற்காது.

புதிதாக எழுதிய மருந்தை முதலில் ஒரு கிழமைக்கு அல்லது இரண்டு கிழமைக்கு மட்டும் வாங்குங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாமல் மாற்ற வேண்டி வந்தால் வெட்டிய அட்டையை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். கிளினிக்குக்கு முதல் நாள் மொத்தமாக வாங்கி வைப்பதும் கூடாது. சிறுநீரகம் இறங்க இறங்க மருந்துகள் மாறும். சீனி வருத்தத்துக்கான மெற்ஃபோர்மினைப் பாருங்கள், சிறுநீரகம் வடிகட்டும் வீதம் (தாளில் eGFR) 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். வாங்கி வைத்த மூன்று மாத மருந்து அலுமாரியிலேயே கிடக்கும்.

பெரிய குளிசையை வாங்கிப் பாதியாக வெட்டினால் மலிவு என்று ஒரு பழக்கம் இருக்கிறது. சில குளிசைகளில் சரி. மெதுவாகக் கரையும்படி செய்தவற்றிலும், கப்சூலிலும், செவலமரிலும் கூடாது. மருந்தாளரிடம் கேட்காமல் பிளேட்டைத் தொடாதீர்கள்.

7. வாங்கியதை வீணாக்காமல்

எரித்ரோபொயிற்றின் ஊசி 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. கடையில் வாங்கும்போது ஐஸ் கட்டியோடு ஒரு சிறு பெட்டி கொண்டு போங்கள், ஊசி ஐஸில் நேரே படாமல் துணியில் சுற்றி வையுங்கள். சித்திரை வெயிலில் மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு அடியில் போட்டுக்கொண்டு பருத்தித்துறை வரை போனால், கையில் மிஞ்சுவது காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்தான். வீட்டில் குளிரூட்டி இல்லாவிட்டால் ஊசி போடும் நாளன்றே வாங்குங்கள். குளிரூட்டியில் மேல் ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள்.

இரும்புக் குளிசையையும் கல்சியம் காபனேற்றையும் ஒரே நேரத்தில் எடுத்தால் இரும்பு உடம்பில் சேராது, இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். தைரொயிட் குளிசையான தைரொக்சின் எடுப்பவர்கள் இவை இரண்டிலிருந்தும் நான்கு மணித்தியாலம் விட வேண்டும்.

உப்பும் மருந்துச் செலவுதான். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் குறையாமல் பிரஷர் குளிசை குறையாது. இதை நீட்டினால் சாப்பாட்டுக் கட்டுரையாகிவிடும், விடுகிறேன்.

கை கால் வலிக்கு டைக்குளோஃபெனாக், இபுபுரோஃபன் வகைகளைத் துண்டில்லாமல் வாங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சில ரூபாய் குளிசை, எஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்து, டயலிசிஸை முன்னுக்குக் கொண்டுவரும். "சிறுநீரகம் சுத்தமாகும்" என்று போத்தலில் விற்கும் கசாயங்களுக்கும் இதே பதில்.

8. அரசாங்க உதவிகள்

இப்போதுதான் காசுப் பக்கம் வருகிறோம். மேலே செய்ததெல்லாம் முடிந்திருந்தால் உங்கள் கையில் ஒரு உண்மையான தொகை இருக்கும், மாதம் இவ்வளவு வெளியில் வாங்க வேண்டியிருக்கிறது என்று.

முதலில் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போங்கள். குறைந்த வருமானக் குடும்பத்தில் உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு மாதக் கொடுப்பனவு உண்டு, 2025 ஏப்ரலில் அது 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று டொக்டர் தெளிவாக எழுதிக் கையொப்பமும் முத்திரையும் இட்ட சான்று இல்லாமல் போவதுதான் இங்கே வழமையான பிழை. கிளினிக் கொப்பியின் பிரதி போதும் என்று நினைத்துப் போய்த் திரும்பி வருவார்கள், டொக்டரின் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருப்பார்கள், ஒரு மாதம் போய்விடும். சான்று வேண்டும் என்று கிளினிக் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள், கடைசியில் கேட்டால் முத்திரை உள்ள அறையைப் பூட்டியிருப்பார்கள்.

மாற்றுச் சிறுநீரகச் சத்திரசிகிச்சை போன்ற பெரிய செலவுக்கு ஜனாதிபதி நிதியம். முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது, 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். திகதி குறித்த பிறகு ஓடாமல், சத்திரசிகிச்சை பற்றி டொக்டர் பேசத் தொடங்கிய உடனேயே படிவத்தை வாங்கி, என்னென்ன இணைக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அரச ஊழியர், ஓய்வூதியர் என்றால் அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. அசல் பில் கேட்பார்கள், காலக்கெடுவும் உண்டு. அதே அசல் பில்லை வேறு காப்புறுதிக்கும் கொடுக்க முடியாது, எதற்குக் கொடுப்பது என்று முதலே முடிவு செய்யுங்கள். தனியார் துறையில் வேலை செய்தவர்கள் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து மருத்துவத் தேவைக்கு 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கும் வழியையும் விசாரிக்கலாம், நிபந்தனைகள் இருக்கின்றன. மாதாந்த மருந்துக்காக அதைத் தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அது ஒரே தடவை வரும் பெரிய செலவுக்கு இருக்கட்டும்.

எங்கே என்ன கொடுத்தாலும் ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பு தொலைந்துவிட்டது என்று சொன்னால் காட்ட ஒன்று இருக்கும்.

9. இந்தியாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் எடுப்பது

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் என்று வந்த பிறகு "இந்தியாவில மலிவு" என்ற பேச்சு கூடிவிட்டது. உண்மைதான், அங்கே மக்கள் மருந்தகம் என்ற பெயரில் உள்ள அரசாங்கத் திட்டக் கடைகளில் ஜெனரிக் மருந்துகள் நல்ல மலிவு. போகிறவர் எப்படியும் போகிறார் என்றால் வாங்கலாம். மருந்துக்காகவே ரிக்கெற் எடுத்துப் போனால் மிச்சம் பிடித்தது பயணத்தில் போய்விடும்.

நோயாளியின் பெயரில் துண்டு இருக்க வேண்டும், மருந்து அட்டையும் பெட்டியும் பிரிக்காமல் இருக்க வேண்டும், அளவு ஒருவர் பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இடம் மிச்சம் என்று குளிசைகளைக் கழற்றி ஒரு போத்தலில் போட்டுக்கொண்டு வந்தால் சுங்கத்தில் விளக்கம் சொல்ல முடியாது, பிறகு வீட்டிலும் எது எது என்று தெரியாது. குளிரில் இருக்க வேண்டிய ஊசிகளை இந்த வழியில் எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் தன் பெயரில், தன் காப்புறுதியில் மருந்து எடுத்து அனுப்புவது நடக்கிறது. அது அங்கே சட்டப்படி குற்றம், அகப்பட்டால் அவருடைய காப்புறுதியே போகும். அதைவிட அதே ஆள் மாதம் ஒரு சிறு தொகை அனுப்பினால் இங்கேயே ஜெனரிக் வாங்கலாம். மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் இந்தியக் கம்பனி, லண்டன் கம்பனி என்று கிடைத்ததையெல்லாம் கலந்து எடுக்கக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

10. மற்றவர்களிடம் கேட்பது

கோயில் அறக்கட்டளைகள், பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டு ஊர் ஒன்றியங்கள் உதவுகின்றன. ஆனால் "சிறுநீரக நோயாளிக்கு உதவுங்கள்" என்ற பொதுக் கோரிக்கைக்கு ஒரு தடவை காசு வரும், பிறகு மௌனம். இந்த வருத்தம் வருடக்கணக்கில் போவது. ஆகவே கேட்கும் விதத்தை மாற்றுங்கள்: ஒரு மருந்து, மாதம் இவ்வளவு ரூபா, ஆறு மாதத்துக்கு. உங்கள் இரண்டாம் படித் தாளிலிருந்து ஒரு வரியை எடுத்து எழுதினால் போதும். காசைப் பாமசிக்கே நேராகக் கட்டலாம், மாதாமாதம் பில் அனுப்புகிறோம் என்று சேர்த்து எழுதுங்கள். கொடுப்பவருக்குச் சந்தேகம் இருக்காது, உங்களுக்கும் ஒவ்வொரு மாதமும் கெஞ்ச வேண்டியதில்லை.

கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையையும் முகநூலில் போடாதீர்கள். அந்தப் படத்தையே எடுத்து வேறு வங்கி இலக்கத்தோடு காசு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

11. மருந்து முடியப்போகிறது, கையில் காசில்லை என்றால்

ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்து இழுக்காதீர்கள். பலர் செய்வது இதைத்தான், டொக்டரிடம் சொல்வதும் இல்லை. அவர் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். பிரெட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் எடுக்கும் டக்ரோலிமஸ், மைக்கோஃபெனொலேற் இரண்டையும் ஒரு நாள் கூட விடக் கூடாது.

ஒரு கிழமைக்கு மருந்து இருக்கும்போதே எழும்புங்கள். கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், "இந்த மருந்து இத்தனை நாளைக்குத்தான் இருக்கு, வாங்க வழியில்லை" என்று மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ சொல்லுங்கள். சில நாளுக்கு ஏதாவது ஒழுங்கு செய்வார்கள், அல்லது அந்த மருந்து இல்லாமல் பாதுகாப்பாகச் சமாளிக்க எதை மாற்றலாம் என்று சொல்வார்கள். டக்ரோலிமஸ் போன்ற ஒன்றென்றால், அதை விட்டு எத்தனை மணித்தியாலம் ஆகிறது என்பதையும் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள், வரிசையில் காத்திருக்க விடமாட்டார்கள்.